கோப்பு எண் பூஜ்யம் பற்றிச் சித்தப்பாவுக்கு

இல்லை சித்தப்பா, இன்னும் போடவில்லை. போடப் போவதும் இல்லை.

கடிதத்தை இப்படி ஆரம்பிக்கக் கூடாது என்று தெரியும். முதலில் விளிக்க வேண்டும், நலம் விசாரிக்க வேண்டும், பிறகுதான் தலையில் கல்லைப் போட வேண்டும். ஆனால் நேற்று போனில் நீங்கள், "போட்டியா, போடலையா? ஒரே வார்த்தையில சொல்லு" என்று கேட்டுவிட்டு, நான் அந்த ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டீர்கள். அதனால் அதை முதலில் கொடுத்துவிட்டேன். இனி முறைப்படி.

மிகுந்த மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய சித்தப்பாவுக்கு, அண்ணன் மகள் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே உங்கள் முழங்கால், சித்தியின் மூக்குக்கண்ணாடி, பால்கனியில் இருக்கும் அந்த ஒற்றைச் செடி, மூன்றும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். செடி பூத்ததா என்று எழுதவும். பூக்கவில்லை என்றால் அதைப் பற்றி எழுத வேண்டாம். இந்த வாரம் எனக்கு இன்னொரு வருத்தம் தாங்காது.

என் மேசையில் நிரந்தரப் பணி உத்தரவு இருக்கிறது. நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்துக்காக ஒரு கோடு. நாளை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை அந்தக் கோடு காத்திருக்கும். நீங்கள் நாற்பது வருடம் ஒரே அலுவலகத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர். ஓய்வு பெற்ற அன்று அந்த நாற்காலியில் வேறு யாருக்கும் உட்காரத் தோதுப்படவில்லை என்றும், உங்கள் அளவுக்கு அது குழிந்துபோயிருந்தது என்றும் சித்தி சொல்வாள். சின்ன வயதில் அந்தக் குழியை நான் கனவில் பார்த்திருக்கிறேன். அதில் மழைத்தண்ணீர் தேங்கியிருக்கும். ஒரு காகிதக் கப்பல் மிதக்கும். அது எங்கும் போகாது.

இது கேலி இல்லை.

பதினோரு வருடம் குடும்ப நல அலுவலகத்தில் வீடு வீடாகப் போனேன். மூன்று வருடமாகப் பல்கலைக்கழகத்தில், வீடு வீடாகப் போவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமை அங்கே விலகினேன், திங்கட்கிழமை இங்கே சேர்ந்தேன். நடுவில் ஒரு ஞாயிறு மட்டும். ஒரு ஆள் இன்னொரு ஆளாக மாற ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நீங்கள் மட்டும் உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "பொண்ணு ஒருவழியா உருப்பட்டுடுச்சு" என்று சொன்னீர்களாம்.

முதல் நாள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். நான் நாற்காலியைக் கதவுப் பக்கமாக இழுத்துப் போட்டு, கொஞ்சம் சாய்வாக உட்கார்ந்தேன். வீடுகளுக்குப் போகிற நாங்கள் யாருக்கும் நேரெதிரே உட்கார மாட்டோம், விசாரிக்க வந்த போலீஸ் மாதிரி ஆகிவிடும். கதவு முதுகுக்குப் பின்னால் போகவும் விட மாட்டோம், அது வேறு காரணம். "சொல்லுங்க" என்றேன். பிறகு காத்திருந்தேன். காத்திருப்பதுதான் எங்கள் தொழிலில் பாதி. எதிரில் இருப்பவர் தானாகப் பேசும்வரை வாயைத் திறக்கக் கூடாது. பதினோரு நிமிடம் போனது. மின்விசிறி சுற்றியது. ஜன்னலில் ஒரு மேகம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மெல்ல எழுந்து வந்து, தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்து, காதருகே கேட்டாள்: "மேடம், வீட்டுல யாருக்காவது போன் பண்ணட்டுமா?"

அன்றைக்கு எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். சொல்லுங்க மேடம். இன்றுவரை அதுதான்.

அந்தப் பருவத் தேர்வுக்கு நான் எழுதிய கேள்வித்தாளில் ஐந்தாவது கேள்வி இப்படி இருந்தது: 'இந்த வாரம் உங்களுக்கு எப்படி இருந்தது? விரிவாக எழுதுக. இருபது மதிப்பெண்.' பழக்கதோஷம், கை தானாக எழுதிவிட்டது. அச்சாகி வரும்வரை யாரும் கவனிக்கவில்லை. நாற்பத்திரண்டு பேரும் விரிவாக எழுதிவிட்டார்கள். ஒருவன் விடுதியில் அறைத்தோழன் தன்னோடு பேசுவதை ஏன் நிறுத்தினான் என்று ஏழு பக்கம் எழுதி, கூடுதல் தாள் வாங்கி, கடைசியில் 'நேரம் போதவில்லை' என்று அடிக்கோடிட்டிருந்தான். எல்லோருக்கும் இருபது போட்டேன். துறைத் தலைவர் கூப்பிட்டுவிட்டார்.

"எல்லாருக்கும் இருபதாம்மா?"

"யாரோட வாரமும் தப்புன்னு நான் எப்படி சார் சொல்றது?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் வழக்கம்போலச் சும்மா இருந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எனக்கும் இந்த வாரம் சரியில்லைம்மா" என்று ஆரம்பித்து, தன் மருமகனைப் பற்றி நாற்பது நிமிடம் சொன்னார். எழுந்து வரும்போது மனசு லேசாகிவிட்டது என்றார். மதிப்பெண்ணைப் பற்றிப் பிறகு பேச்சே எழவில்லை.

இப்படித்தான் சித்தப்பா மூன்று வருடமும். ஒரு பாதி மனுஷி கரும்பலகை முன்னால். இன்னொரு பாதி ஏதோ ஒரு மாடிப்படியில், ஒரு கையில் கோப்புடன், மேலே ஏறிக்கொண்டே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விஷயத்தின் பெயர் கோப்பு எண் பூஜ்யம்.

இந்தப் பருவம் 'முதல் சந்திப்பு' என்று ஒரு பாடம் எடுத்தேன். வகுப்பில் வைத்துப் பழக ஒரு கற்பனை மனிதர் தேவைப்பட்டார். உட்கார்ந்து உருவாக்கினேன். ஆண். வயது எழுபத்தொன்று. தனியாக இருக்கிறார். முதுகு கூன். சுவர்க்கடிகாரம் நின்றுவிட்டது, சரிசெய்யவில்லை. வெளியூரில் ஒரே மகள், ஞாயிறு காலை பதினோரு மணிக்கு மட்டும் போன் செய்வாள். யார் தட்டினாலும் கதவைத் திறக்க மாட்டார். படிவத்தில் முகவரிக்கு ஒரு கட்டம் இருந்தது. கற்பனை ஆளுக்கு முகவரி எதற்கு என்று விட்டிருக்கலாம். ஆனால் என்னைப் பழக்கியவர் எங்கள் பழைய அலுவலகத்தின் தலைவி, எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுவோம். "ஒரு கட்டம் காலியா இருந்துச்சு, கையை முறிச்சுடுவேன்" என்று சொல்லியே பதினோரு வருடம் வேலை வாங்கியவர். எழுதினேன். பழைய ஆலைக்குப் பின்தெரு, பதினான்காம் எண் கட்டடம், மூன்றாம் மாடி, இடதுபக்கக் கதவு. பேனா ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கற்பனை இவ்வளவு சரளமாக வருகிறதே என்று எனக்கே பெருமையாக இருந்தது.

வகுப்பில் தாளைக் கொடுத்து, "இவரோட முதல் சந்திப்பை எழுதிட்டு வாங்க. வாரா வாரம் தொடருங்க" என்றேன்.

நாற்பது பேர் வீட்டில் உட்கார்ந்து எழுதினார்கள். அவர்களில் முப்பத்தோரு பேரின் கிழவர், கதவைத் திறந்த மூன்றாவது நிமிடமே கண்ணீர் விட்டார். இரண்டு பேர் மட்டும் போனார்கள். ஒருத்தி, அன்றைக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தவள். எதையும் எழுதிவைத்துக்கொள்வதால் அவளுக்குக் குறிப்பேடு என்று பெயர். இன்னொருவன் கதவு நிலையில் தலை இடித்துக்கொள்ளும் உயரம், ஒட்டகம். ஏன் போனார்கள் என்று கேட்டால், தப்பு என்னுடையதுதான். "போய்ப் பார்க்காம ஒரு வரிகூட எழுதாதீங்க" என்று பருவம் முழுக்கத் தொண்டை கிழியச் சொன்னது நான். நாற்பது பேர் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் நம்பிவிட்டார்கள்.

அவர்களுடைய அறிக்கைகளை நான் கற்பனை என்றே படித்தேன். ரசித்துப் படித்தேன்.

முதல் வாரம்: 'தட்டினோம். திறக்கவில்லை. திரும்பினோம்.' அவ்வளவுதான். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: நல்ல அடக்கம். இரண்டாம் வாரம்: 'உள்ளே வானொலி கேட்டது. தட்டியதும் நின்றது.' எழுதினேன்: அருமையான நுணுக்கம். மூன்றாம் வாரம்: 'என்ன செய்வதென்று தெரியாமல் கேஸ் தாளையே கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தோம்.' எழுதினேன்: தொழிலில் இது பெரிய பிழை, ஆனால் கதைக்கு நல்லது. நான்காம் வாரம்: 'திறந்தார்.' அந்த ஒற்றைச் சொல்லை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம், துறை அறையில் யாரும் இல்லை. ஜன்னல் வெளிச்சம் மேசைமேல் ஒரு கதவு அளவுக்கு விழுந்திருந்தது.

ஐந்தாம் வாரத்தில் கீழ்த்தளத்துச் சலவைக்கடைப் பெண்மணி ஒருத்தி வந்தாள். அவள்தான் ஞாயிறு காலை பதினோரு மணிக்கு மகள் மாதிரி போன் செய்கிறாள் என்று சந்தேகப்படுவதாகக் குறிப்பேடு எழுதியிருந்தாள். போன் மணி அடிக்கும்போது கீழே இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றுவிடுகிறதாம். இது கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் பட்டது. எழுதினேன்: சலவைக்கடைப் பாத்திரம் தேவையற்றது, நீக்கிவிடலாம். நிஜ மனிதர்கள் இப்படியெல்லாம் நடந்துகொள்வதில்லை.

எழுதினேன் சித்தப்பா, பதினோரு வருட அனுபவத்தோடு.

ஒன்பதாம் வார அறிக்கையோடு அந்தக் கேஸ் தாளும் பின் குத்தி வந்தது. மடிப்பு விழுந்து, ஒரு மூலையில் தேநீர்க் கறையோடு. பின்பக்கம், மாணவர் யாருடையதும் அல்லாத ஒரு கையெழுத்து. எழுத்துக்கள் திருகாணி மாதிரி இறுக்கமாக இருந்தன. 'வயது 71 அல்ல. 62. ஒன்பது வருடம் கூட்டிப் போட்டிருக்கிறீர்கள். கூனிக் கூனி முதுகு வலிக்கிறது. திருத்தவும்.'

அன்று மதியமே போனேன்.

அந்தத் தெருவில் நடக்கும்போதே கால்களுக்கு வழி தெரிந்திருந்தது. வலது பக்கம் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வரும் என்று நினைத்தேன், வந்தது. படிக்கட்டில் இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு படி உடைந்திருக்கும் என்று காலைத் தூக்கி வைத்தேன், உடைந்திருந்தது. நான் எழுதிய வாக்கியத்துக்குள் நானே ஏறிக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. ஒவ்வொரு படியும் நான் அடுத்து நினைக்கும் சொல்லுக்காகக் காத்திருந்து, பிறகு உண்டானது. மூன்றாம் மாடி. இடதுபக்கம். பச்சைக் கதவு, எண் தகடு இருந்த இடத்தில் மட்டும் பழைய நீலம்.

தட்டினேன். கதவு உடனே திறந்தது. நீலச் சட்டை, நிமிர்ந்த முதுகு, காதில் ஒரு பென்சில். அவர் முப்பது வருடம் மின்தூக்கி பழுதுபார்த்தவர் என்றும், மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் குடியிருப்பது அவருக்கு ஒரு ஓய்வு மாதிரி என்றும் பிறகு சொன்னார். அப்போது முதலில் சொன்னது வேறு.

"ரெண்டு வேகமா, ஒண்ணு மெதுவா. நீங்கதானா அது?"

"எது சார்?"

"மூணு வருஷம் ஆச்சு. ஒரு சனிக்கிழமை. இதே மாதிரி தட்டினீங்க."

கற்பனை ஏன் அவ்வளவு சரளமாக வந்தது என்று அப்போது புரிந்தது. அதுதான் என் கடைசி நாள். என் கடைசிக் கோப்பு. மூன்றாம் மாடிக்காரர் வெளியே வருவதேயில்லை என்று பக்கத்து வீட்டார் யாரோ எழுதிப்போட்டிருந்தார்கள். மூன்று தடவை நேரில் போகாமல் எந்தக் கோப்பையும் முடிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. நான் ஒரு தடவை போனேன். மூன்று மணிக்கு அலுவலகத்தில் எனக்குப் பிரிவு விழா. எல்லோரும் காத்திருந்தார்கள். 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதி, முடிந்த கோப்புகளின் தட்டில் போட்டுவிட்டு, மாலை போட்டுக்கொள்ளப் போனேன். கதவில் பூட்டு இல்லை, சித்தப்பா. அது எனக்கு அப்போதே தெரியும்.

"நீங்க உள்ளே இருந்தீங்களா?"

"இதே இடத்துல. தாழ்ப்பாளைக் கையில பிடிச்சுக்கிட்டு."

"ஏன் திறக்கலை?"

"நாலாவது தட்டு விழுந்தா திறக்கலாம்னு நின்னேன்." கொஞ்சம் யோசித்தார். "நீங்க போனப்புறமும் கொஞ்ச நேரம் நின்னேன்."

உள்ளே கூப்பிட்டார். நான் கதவுப் பக்கமாக, சாய்வாக உட்கார்ந்தேன். "பிள்ளைங்களும் இப்படித்தான் உட்கார்றாங்க, ரயில்ல இடம் கிடைக்காதவங்க மாதிரி" என்றார். சுவரில் கடிகாரம் நின்றிருந்தது.

"அது நல்லா ஓடிட்டு இருந்ததும்மா. தாள்ல நின்னுபோச்சுன்னு எழுதியிருந்தீங்களே, பிள்ளைங்க வந்து பார்த்து ஏமாந்துடக் கூடாதுன்னு பேட்டரியைக் கழட்டினேன். இப்ப மணி பார்க்கக் கீழ் மாடிக்குப் போக வேண்டியிருக்கு."

"மகள்?"

"எனக்கு ஏது மகள்? கல்யாணமே ஆகலை. சலவைக்கடையில சொன்னேன், ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு போன் போடும்மா, மானத்தைக் காப்பாத்துன்னு. பிள்ளைங்க ரெண்டு ஞாயிறுதான் வந்தாங்க. அது இன்னும் போட்டுக்கிட்டிருக்கு. சாப்பிட்டீங்களான்னு கேக்குது. சாப்பிட்டேன்னு சொல்லணுமேன்னு அதுக்கு முன்னாடி சாப்பிட்டுடறேன்."

"நீங்க அந்த ஆள் இல்லைன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கலாமே சார்."

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"சொன்னா போயிடுவாங்களேம்மா."

துறைத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனுஷர். முழுவதும் கேட்டார். மருமகன் விஷயம் நடந்ததிலிருந்து நான் பேசினால் கேட்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இல்லாத ஆளுக்குன்னு அனுமதி வாங்கினீங்க. இப்ப ஆள் இருக்கார். இருக்கிற ஆளுக்கு வேற படிவம்மா."

"எந்தப் படிவம் சார்?"

"அது நம்மகிட்ட இல்லை."

சுருக்கமாகச் சொன்னால் இது. பல்கலைக்கழகம் யாரையும் பார்த்துக்கொள்கிற இடம் இல்லை. பருவம் முடிகிறது, மாணவர்கள் போவது நிற்க வேண்டும். கோப்பு எண் பூஜ்யம் முடிக்கப்பட்டது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அது வராமல் என் நிரந்தர உத்தரவு மேலே போகாது. இரண்டு கையெழுத்து, ஒரே நாள், ஒரே ஐந்து மணி.

ஒரு தடவை அந்தக் கதவை முடித்துவைத்துவிட்டு நான் படி இறங்கியிருக்கிறேன், சித்தப்பா. அவர் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டாம் தடவையும் அதையே செய்து, அதற்குக் கூலியாக ஒரு நாற்காலியை வாங்கிக்கொள்ள என்னால் முடியாது. பெரியக்காவுக்குப் போன் போட்டேன். "உன் நாற்காலியில இப்ப பிரிண்டர் உட்கார்ந்திருக்கு" என்றார். "இறக்கி வைக்கிறேன், வா." அங்கே போனால் மூன்றாம் மாடிக்காரர் பெயரில் ஒரு நிஜக் கோப்பு திறப்பேன். எண் போட்ட கோப்பு. வாரா வாரம் நானே போவேன். நான்கு தடவை தட்டுவேன்.

ஆகவே கையெழுத்து இல்லை. 'நிரந்தரம்னா நிரந்தரம்தான்' என்று நீங்கள் சொல்வீர்கள். நான் வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில் அப்படி எதையும் கண்டதில்லை. எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள், கொஞ்ச நேரம். அவ்வளவுதான் இருந்தது.

உறவுக்காரர்களுக்கு நீங்கள் மறுபடி போன் போட வேண்டியிருக்கும். மன்னிக்கவும். சித்திக்கு என் அன்பு. திட்டுவதாக இருந்தால் ஒரே வார்த்தையில் வேண்டாம், நிறைய வார்த்தைகளில் திட்டவும், எனக்குக் கேட்டுப் பழக்கம். உங்கள் ஆசீர்வாதத்தைக் கோபம் ஆறியபின் அனுப்பினால் போதும், அவசரமில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றவும்.

இப்படிக்கு,
நிரந்தரம் இல்லாத,
உங்கள் அண்ணன் மகள்.

பி.கு. வெள்ளி மாலை. மேலே எழுதியதெல்லாம் தள்ளுபடி. கிழித்துவிடலாம் என்றால் தபால்தலை ஒட்டியாகிவிட்டது. நீங்கள்தான் தபால்தலையை வீணாக்கக் கூடாது என்று வளர்த்தீர்கள்.

இதைத் தபாலில் போடும் வழியில் அவரிடம் நல்ல செய்தியைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று மதியம் ஏறினேன். நான்கு தடவை தட்டினேன். திறந்தார். "இனிமே பிள்ளைங்க வர மாட்டாங்க. நானே வாரா வாரம் வருவேன்" என்றேன், பெரிய வரம் கொடுக்கிற மாதிரி.

"எதுக்கும்மா?"

"உங்களைப் பார்க்க."

"எனக்கு என்ன?"

தாளில் இருந்த எதுவும் அவருக்கு இல்லை. கூன் இல்லை. நின்ற கடிகாரம் அவர் நிறுத்தியது. அவருக்கு என்ன என்று கேட்டுக்கொள்ளாமலே அவருக்காக வேலையை விடப் புறப்பட்டிருந்தேன்.

"நீங்க வந்தா நான் சும்மா நானா உட்கார்ந்திருக்கணும். அதைத்தான் தினம் செய்யறேனே. பிள்ளைங்க வந்தா எனக்கு வேலை இருக்கும்மா. அந்த நெட்டைப் பையன் எப்படித் தட்டறான் தெரியுமா, வீட்டை ஜப்தி பண்ண வந்தவன் மாதிரி. அதுக்கு யாராவது திறப்பாங்களா? மூணு வாரம் திறக்காம வச்சுத்தான் சரிபண்ணினேன்." பிறகு நிஜமாகவே கவலையோடு கேட்டார்: "அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்கு யாரு திறக்காம இருப்பா?"

படி இறங்கினேனா, விழுந்தேனா தெரியாது. உடைந்த படியை மறந்துவிட்டேன், அதனால் கொஞ்சம் விழுந்தேன். ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது துறைத் தலைவரின் மேசை முன்னால் நின்றேன், ஒரு முழங்காலில் ரத்தத்தோடு. முடிப்புப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். எழுதினேன்: பயனாளருக்கு வேலை கிடைத்துவிட்டது. 'பதவி' என்று அடுத்த கட்டம். அதையும் காலியாக விடவில்லை. எழுதினேன்: கதவைத் திறக்காதவர்.

"இப்படி ஒரு பதவி இல்லையேம்மா."

"இல்லாத ஆளுக்குத்தானே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் சும்மா இருந்தேன். ஐந்துக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது பேனாவை எடுத்தார். "பயிற்சி உதவியாளர்னு போட்டுக்கிறேன். அடைப்புக்குறிக்குள்ள உங்களதும் இருக்கட்டும்" என்றார். பிறகு நான் போட்டேன், இரண்டிலும்.

மூன்றாம் மாடிக்காரர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், போனில் சொன்னபோது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடக் கூடாது. பதினோரு மணிக்கு மகள் போன் செய்யும்.

ஆகவே சித்தப்பா, நீங்கள் கேட்டபடி ஒரே வார்த்தையில்: போட்டுவிட்டேன். நாற்காலி குழியும்போது எழுதுகிறேன்.

திங்கள் காலை. இதை இன்னும் தபாலில் போடவில்லை, கோபிக்க வேண்டாம். பருவத்தின் கடைசி வகுப்பு. அவர் முதல் பேருந்திலேயே வந்துவிட்டார், நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு. துறையின் சாமான் அறைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், கீலுக்கு எண்ணெய் விட்டார், உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஒட்டகமும் குறிப்பேடும் ஓரமாக நிற்க, இதுவரை ஒரு கதவையும் தட்டாத நாற்பது பேர் நடைவழியில் வரிசையாக நின்றார்கள். முதலில் நின்றவன் மூன்று தடவை தட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

ஒரு நாற்காலியை எடுத்துவந்து, கொஞ்சம் சாய்வாகப் போட்டு, உட்கார்ந்தேன்.